பிக்கிளுக்காக அடைத்த வீடு

அடுப்புக்குப் பின்னால் இருந்த ஓட்டையைக் கம்பிவலையால் மூடி, நான்காவது திருகாணியையும் முடுக்கிவிட்டு எழுந்த பிறகுதான், பிக்கிள் அந்த ஓட்டைக்குள் போகவே இல்லை என்பது மார்லீனுக்குத் தெரிந்தது.

அது படுக்கையறையில், அலமாரியின் கீழ் இழுப்பறைக்குள், கணவன் ராயின் பழைய கம்பளிச் சட்டையின் கைக்குள் புகுந்து உறங்கிக்கொண்டிருந்தது. ஃபெரெட்டுகளின் உறக்கம் அப்படித்தான். தூக்கினால் ஈரத்துணி போலத் தொங்கும். தலை ஒரு பக்கம் சாயும். செத்துவிட்டதோ என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கத் தோன்றும். கீரியைப் போல நீண்ட அந்த வெளிறிய உடலை மடியில் போட்டுக்கொண்டு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்கு, உள்ளே அது இருப்பது தெரியாமல், அவள்தான் இழுப்பறையை மூடியிருக்கிறாள். அதிலிருந்து வெளியே வர வழியே இல்லை.

அப்படியானால் பத்து மணிக்குத் தன் மணிக்கட்டை உரசிக்கொண்டு ஓட்டையிலிருந்து வந்தது எது?

ஃபெரெட் வளர்ப்பவர்கள் எந்த ஓட்டையையும் சட்டென்று அடைத்துவிட மாட்டார்கள். முதலில் அதன் வாயில் கீச்சுப் பொம்மையை வைத்து அமுக்குவார்கள். உள்ளே விலங்கு இருந்தால் அந்தச் சத்தத்துக்கு எப்படியும் ஓடி வரும். வந்தபின் அடைக்கலாம். இல்லாவிட்டால் உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டியதாகிவிடும். மார்லீனும் பொம்மையை அமுக்கினாள். தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்து, கையை முழங்கை வரை இருட்டுக்குள் விட்டு, அமுக்கி அமுக்கிக் காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வீட்டின் மறுகோடியிலிருந்து, சுவர்களுக்குள்ளேயே, அவசரம் இல்லாமல் ஏதோ நகர்ந்து வரும் ஓசை கேட்டது. பனி உருகும் காலத்து நிலவறையின் வாடை முகத்தில் அடித்தது. மயிர் இல்லாத, சில்லென்ற ஒன்று அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நீண்ட நேரம், ஒரு ஃபெரெட்டின் நீளத்துக்குத் தேவையானதைவிட நீண்ட நேரம், கடந்து போனது. திரும்பிப் பார்க்காமல் வலையை வைத்துத் திருகத் தொடங்கினாள். பிக்கிள் வந்துவிட்டது என்ற சந்தோஷம்தான் காரணம்.

இப்போது பிக்கிள் கொட்டாவி விட்டது. மார்லீன் அதன் தலையை வருடினாள். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வீட்டில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

ராய் இறந்து இரண்டு குளிர்காலங்கள் போய்விட்டன. தண்டர் பே நகரத்தில் ஜனவரி மாதம் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். அதற்குப் பிறகு வானொலியில் வானிலை சொல்பவனின் குரலைத் தவிர அவள் வீட்டில் வேறு குரல் கிடையாது. போன சனிக்கிழமை, விலங்குக் காப்பகத்திலிருந்து வாண்டா என்ற பெண்மணி பிக்கிளைக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கினாள். வீட்டின் சந்துபொந்துகளை அடைக்க ஒரு வாரம் தவணை. அடுத்த சனிக்கிழமை கழிவறைக் காகிதம் சுற்றிவரும் அட்டைக்குழாயோடு வருவதாகவும், அறை அறையாகக் குப்புறப்படுத்துப் பார்ப்பதாகவும், அந்தக் குழாய் நுழையும் சந்து ஒன்றே ஒன்று இருந்தாலும் பிக்கிள் திரும்பத் தன் வண்டியில் ஏறிவிடும் என்றும் சொன்னாள். டிரைடன் என்ற ஊரில் ஒரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கிறதாம்.

"ரெண்டு விரல் போற இடத்துல இது போயிரும், மார்லீன். மண்டை நுழைஞ்சா மிச்சமெல்லாம் பின்னாடியே வந்துரும். எங்க வீட்டுக்காரர் மாதிரி வயித்துல மாட்டிக்கற கேஸ் இல்ல இது."

மார்லீன் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்ததால் தொண்டை கரகரத்தது.

செவ்வாய்க்கிழமை குளியலறைத் தொட்டியின் அடியில் குழாய் இறங்கும் இடத்தை அடைக்கக் குனிந்தபோது, அது ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தது. நேற்றே செய்துவிட்டு மறந்துபோனேனோ என்று விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தாள். அவள் வலையின் ஓரத்தை ஒரு மடிப்புத்தான் மடிப்பாள். இது இரண்டு மடிப்பு. நுனிக் கம்பிகள் ஒன்றுகூட வெளியே நீட்டாதபடி, தொட்டால் கீறாதபடி, பொறுமையாக, அக்கறையாக மடித்திருந்தது. திருகாணிகளின் தலைகள் மரத்தோடு மரமாக அமிழ்ந்திருந்தன.

புதன்கிழமை ராயின் சாய்வு நாற்காலி. அந்த மாதிரி நாற்காலிகளின் இரும்பு மடிப்புகளில் சிக்கிச் செத்த ஃபெரெட்டுகள் எத்தனையோ. வீட்டை விட்டே தூக்கிப் போட்டுவிடு என்று வாண்டா சொல்லியிருந்தாள். மார்லீனுக்கு மனம் வரவில்லை. காலையில் எழுந்து வந்தபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது. நெம்புகோல் மட்டும் கழற்றப்பட்டு, அடிப்பக்கம் பலகையால் மூடப்பட்டு, இனி ஒருபோதும் சாயாத வெறும் நாற்காலியாக மாறியிருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். பயந்திருக்க வேண்டும். பயமும் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில், இரண்டு ஆண்டுகளாக யாரும் தனக்காக ஒரு வேலையும் செய்து தரவில்லை என்ற நினைப்பு வந்து கண்ணைக் கரிக்கச் செய்தது.

சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"சாப்பாட்டு ரூம் ஜன்னல் பக்கம் கொஞ்சம் பாக்கி இருக்கு. தனியா முடியல எனக்கு. இது இங்கயே இருக்கணும். அடிபடக் கூடாது, வெளிய போயிடக் கூடாது. அவ்வளவுதான்."

வானொலி மைனஸ் முப்பது டிகிரி குளிர் என்றது. சுவருக்குள் இருந்த ஓசை நின்றது. காதுகொடுத்துக் கேட்கும்போது மனிதர்கள் அசைவை நிறுத்துவது போல நின்றது.

வியாழக்கிழமை சாப்பாட்டு அறை முடிந்திருந்தது. ஜன்னலின் இடுக்குகள், வெந்நீர்க் குழாயின் ஓரம், தரைப்பலகையின் மூலை, எல்லாம் இரண்டு மடிப்பு. மார்லீன் அட்டைக்குழாயை எடுத்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து சோதித்தாள். எங்கும் நுழையவில்லை. பிக்கிள் அவள் பின்னால் குதித்துக் குதித்து வந்தது, குழாயைத் திருடிக்கொண்டு ஸோஃபாவின் கீழ் ஓடியது. அன்று மதியம் அவள் தனக்கும் அதற்கும் முட்டை வேகவைக்க நினைத்தாள். அடுப்பின் குமிழ்கள் நான்கும் இல்லை.

கத்திகளும் இல்லை. மாத்திரைப் பெட்டி இருந்த அலமாரி திருகாணி வைத்துச் சாத்தப்பட்டிருந்தது. மேல்தட்டின் கூர்மூலையில் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது. அவள் அதன் எதிரே நின்றாள். அந்த மூலை சரியாக அவள் நெற்றி உயரத்தில் இருந்தது.

பிக்கிளால் அந்த உயரத்துக்கு ஏற முடியாது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. தட்டில் ரொட்டியும் குளிர்ந்த பாலும். வாண்டாவுக்குத் தொலைபேசலாம் என்று இரண்டுமுறை எடுத்து, வைத்தாள். என்ன சொல்வது? சொன்னால் வாண்டா வருவாள். வந்தால் கூண்டோடு வருவாள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் கிழவியிடம் எந்தக் காப்பகம் ஒரு உயிரை விட்டுவைக்கும்? பிக்கிள் அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. அதன் மூச்சு சூடாகக் காதில் பட்டது.

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு வாண்டா வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, முனகிக்கொண்டே ஒவ்வோர் அறையிலும் குப்புறப்படுத்தாள். பதினெட்டு வருஷத்தில் இப்படியொரு வீட்டைப் பார்த்ததில்லை என்றாள். வலையின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, யாரை வைத்துச் செய்தாய் என்று கேட்டாள். தெரிந்த ஒருவர் என்றாள் மார்லீன். அலமாரியின் மூலையைப் பார்த்ததும் வாண்டா சிரித்துவிட்டாள்.

"இங்க எதுக்குடி மெத்தை? இது ஃபெரெட்டு, கங்காரு இல்ல."

மார்லீனின் வாய் திறந்தது. இப்போது சொல்லிவிடலாம். கோட்டை எடுத்துக்கொண்டு இவளோடு நடந்து வண்டியில் ஏறிவிடலாம். வாண்டா அவள் முகத்தைக் கவனித்துவிட்டாள்.

"என்னமோ மாதிரி இருக்கே. ஒடம்புக்கு முடியலையா? முடியலைன்னா சொல்லிடு, தப்பில்ல. இத நான் கூட்டிட்டுப் போறேன். டிரைடன்காரங்க இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

"ஒண்ணுமில்ல," என்றாள் மார்லீன். "தூக்கம் சரியில்ல. அவ்வளவுதான்."

வாண்டா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பிக்கிளின் நெற்றியில் முத்தமிட்டாள். மாலையில் தேவாலயக் கூடத்தில் எல்லோரும் காப்பி குடிக்கக் கூடுகிறோம், நீயும் வாயேன் என்றாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று மார்லீன் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்ஸின் கீழ் பனி நொறுங்கும் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம். தெருமுனையில் அது திரும்பும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஐந்து மணி. வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. பிக்கிள் இனி அவளுடையது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால், "நீ இங்கதான்," என்று அதன் காதில் சொன்னாள்.

வாசல் பக்கம் ஒரு சத்தம். மரத்தில் இரும்பு இறங்கும் சத்தம். மெதுவாக. பொறுமையாக.

வாண்டாதான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பினாளோ? மார்லீன் போய்க் கைப்பிடியைத் திருகினாள். அது திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் தள்ளினாள். அசையவில்லை. பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். படியில் யாரும் இல்லை. வாண்டாவின் தடங்கள் வண்டி நின்ற இடம் வரை போயின. திரும்பி வரும் தடம் ஒன்றுகூட இல்லை. பிறகு கண்ணாடிக்கு அப்பால், வெளிப்பக்கத்தில், கம்பிவலை ஒன்று கீழிருந்து மேலாக எழுந்தது. ஓரம் இரண்டு மடிப்பு.

தொலைபேசிக்கு ஓடினாள். அதன் கம்பி இல்லை. கடித்துவிடக் கூடாதென்று எடுத்திருந்தது.

பின்கதவு. அடைத்திருந்தது.

ஜன்னல். அடைத்திருந்தது.

அடுத்தது.

அடுத்தது.

படுக்கையறை வாசலில் அவள் நின்றுவிட்டாள். கட்டில் அங்கே இல்லை. விழுந்தால் அடிபடும் உயரம் அது. கட்டில் இருந்த இடத்தில், தரையில், அவளுடைய குளிர்காலக் கோட்டு, கம்பளித் தொப்பிகள், பூட்ஸின் உள்ளே இருக்கும் மயிர்த்தோல், எல்லாம் கிழித்து, உதறி, வட்டமாகச் சுற்றி ஒரு படுக்கையாகப் போடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு குழி. ஒரு பெண் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுக்கும் அளவு குழி.

அதன் பக்கத்தில், கவிழ்ந்துவிடாதபடி தரையோடு திருகப்பட்ட அகலமான கிண்ணம். அதில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. இப்போதுதான் ஊற்றப்பட்டது போல, அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.