ஜன்னலோரம் ஆள் இருக்கிறது

அந்தக் காரின் வயது யாருக்கும் தெரியாது. முதன்முதலாக அதைப் பார்த்த மெக்கானிக், தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். அதன் ஹாரனை இன்று அழுத்தினால் நாளைக்குத்தான் சத்தம் வரும். வீட்டில் அதற்கு நத்தை என்று பெயர். கேள்விப்பட்ட நத்தைகள் மிகவும் வருத்தப்பட்டனவாம்.

துரும்புக்கு மட்டும் நத்தை என்றால் உயிர். அந்த வீட்டுச் சிறுமிதான் துரும்பு. ஊதினால் பறந்துவிடுவாள், வாயைத் திறந்தால் மற்றவர்கள்தான் பறக்க வேண்டும். அவளுக்கு உருண்டை என்று ஒரு தம்பி. நடக்கப் பழகிவிட்டான், நிற்க இன்னும் பழகவில்லை.

அன்று காலை அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இனிமே உருண்டையை மடியில வெச்சுக்கிட்டுப் போற கதையே வேண்டாம். அவனுக்கு ஒரு சீட் வாங்கி வண்டியில மாட்டுங்க. எந்த சீட்டும் நத்தைக்குச் சேரலைன்னா, வண்டியை அப்படியே காயலான் கடையில தள்ளிட்டு பஸ்ல வாங்க."

"லீவு நாள்லயும் பஸ்ஸா?" என்று அப்பா அலறினார். அவர் பஸ் டிரைவர்.

துரும்பு நத்தையின் கதவை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

அப்பா, துரும்பு, உருண்டை மூவரும் குழந்தை சீட் விற்கும் கடைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். நாலு பக்கமும் உயரமான சுவர். அங்கே நத்தையைத் தவிர வேறு வண்டியே இல்லை. மழை பெய்தும் மழைச் சத்தம் கேட்கவில்லை.

கடைக்கார அக்கா நத்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"புது வண்டின்னா சீட்டை மாட்ட உள்ளேயே கம்பி இருக்கும். இதுல இல்லை. பெல்ட்டால கட்டுற சீட்தான் வேணும். சின்னதா இருக்கும்போது குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும். வளர்ந்தப்புறம் இதே சீட்டை முன்பக்கமா திருப்பிக்கலாம்."

"பின்பக்கம் பார்த்தா? எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"திடீர்னு பிரேக் போட்டா குழந்தையோட தலையும் கழுத்தும் முன்னாடி பாயாது சார். முதுகோட சேர்த்து சீட் தாங்கிக்கும்."

அப்பா யோசித்தார். பிரேக் பற்றி அவருக்குத் தெரியாததா? "சரி. ஆனா ஜன்னலோரம்தான் மாட்டணும். பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு எவ்வளவு அடிதடி தெரியுமா? என் பையன் என்ன இளைச்சவனா?"

பின் சீட்டில் வலது ஜன்னல் துரும்புக்கு. இடது ஜன்னல் எப்போதும் காலி. அப்பா இடது கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஐஸ் பெட்டியைத் திறந்தது போல் ஜில்லென்று காற்று வந்தது.

சீட்டின் மேல் ஒரு கைக்குட்டை விரித்துக் கிடந்தது. சின்னக் குழந்தையின் கைக்குட்டை. ஓரத்தில் ஒரு வாத்துப் படம்.

"உன்னோடதா துரும்பு?"

"இல்லையேப்பா."

அப்பா அதை எடுத்து முன்பக்கம் போட்டார். அக்காவும் அவருமாக முதல் சீட்டை இழுத்துக் கட்டினார்கள். அப்பா உலுக்கிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. திருப்தியோடு கதவைச் சாத்தினார்.

உள்ளே 'தொப்' என்று சத்தம்.

திறந்தால், மலை கீழே குப்புறக் கிடந்தது. பெல்ட் யாரோ நிதானமாக அவிழ்த்துவிட்டது போல் தொங்கியது. ஜன்னலோரத்தில் பழைய இடத்திலேயே கைக்குட்டை, சுருக்கமில்லாமல்.

"சரியா கட்டலை போல," என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இளைத்திருந்தது.

இரண்டாவது சீட் கொண்டு வந்தார்கள். கைக்குட்டையை அப்பா இந்த முறை சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். கட்டினார்கள். உலுக்கினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

தொப்.

கைக்குட்டை மறுபடியும் சீட்டில் இருந்தது. அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பொத்தான் மாட்டியபடியே இருந்தது. பை மட்டும் ஈரமாக இருந்தது.

"அப்பா, அங்க பாருங்க," என்றாள் துரும்பு.

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு குட்டிக் கை பதிந்த தடம். அப்பா வெளியிலிருந்து தேய்த்தார். அழியவில்லை. தடம் உள்பக்கம் இருந்தது.

அதற்குள் அக்காவின் இடுப்பில் ஏறியிருந்த உருண்டை அந்த ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான்.

அப்பாவின் மீசை மட்டும் தனியாக நடுங்கியது. "போதும். அம்மா சொன்னபடியே காயலான் கடைக்குப் போயிடுவோம். பஸ்ஸே மேல்."

நத்தை குலுங்கியது. இன்ஜின் ஓடவே இல்லை.

துரும்புக்கும் பயம்தான். ஆனாலும் கண்ணாடியருகே போய், அந்தத் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. அந்தக் கை அவள் கையில் பாதிதான்.

'இத்தனூண்டு ஆளா நம்மை இவ்வளவு மிரட்டுகிறது?' என்று தோன்றியது. சட்டென்று அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

"அப்பா, உங்க பஸ்ல ஒருத்தர் கைக்குட்டை போட்டு இடம் பிடிச்சிருக்கார். வேற ஒருத்தர் அதைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"எழுப்பி விடுவேன். அது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. இடம் போட்டவங்களுக்குத்தான் இடம்."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பா கைக்குட்டையைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது, மூட மறந்துவிட்டது.

துரும்பு கைக்குட்டையை எடுக்கவில்லை. அதன் ஓரத்தை மட்டும் நீவி விட்டாள்.

"நாங்க கவனிக்கலை. கோவிச்சுக்காதே. ஜன்னல் உனக்குத்தான், யாரும் கேட்க மாட்டோம். என் தம்பி நடுவுல உட்காரட்டுமா? கொஞ்சம் எச்சில் ஒழுக்குவான். மத்தபடி நல்ல பையன்."

காரிலிருந்து வந்த குளிர்காற்று நின்றுவிட்டது.

"அக்கா, நடுவுல மாட்ட முடியுமா? அங்க இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கு."

அக்காவுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. சீட்டுகளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த, மாட்டும் முறை காட்டும் படங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "முதல்ல மாட்டினது ஆகாது. இந்த ரெண்டாவதை இடுப்பு பெல்ட்டாலயே கட்டலாம். பின்பக்கம் பார்த்துத்தான் கட்டணும். பாக்கப் போனா நடுவுதான் ரொம்பப் பத்திரம். பக்கத்துல யார் வந்து மோதினாலும் அடி குழந்தைகிட்ட வராது."

துரும்பு முழங்காலால் சீட்டை அழுத்திக்கொள்ள, அப்பா பெல்ட்டைத் தம் கட்டி இழுத்தார். அசைத்துப் பார்த்தார்கள். ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. கதவைச் சாத்தினார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சத்தமே இல்லை.

கொஞ்சம் பொறுத்துத் திறந்தார்கள். சீட் வைத்தது வைத்தபடி இருந்தது. துரும்புக்கு நத்தையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. நத்தை அகலமாக இருந்ததால் பக்கக் கண்ணாடியை மட்டும் கட்டிக்கொண்டாள்.

உருண்டையை உட்கார வைத்துப் பட்டைகளை மாட்டினார்கள். அவன் பின் கண்ணாடி வழியே உலகத்தைப் பார்த்தான். பிறகு இடது ஜன்னல் பக்கம் திரும்பி, பாதி தின்ற பிஸ்கட்டை நீட்டினான். துரும்பு தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் அவன் கை காலியாக இருந்தது. அவன் வாயும் காலியாகத்தான் இருந்தது.

அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். நத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, முதல் திருகலிலேயே உறுமியது.

அப்போது பின்னால், இடது பக்கத்தில், 'க்ளிக்' என்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

அப்பா திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. "து... துரும்பு, அது யாரு?"

துரும்பு பக்கத்தில் பார்த்தாள். பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சுப்பா. நீங்க வண்டியை எடுங்க, வீட்டுக்குப் போவோம்."