சுழலுக்கு எதிரே

தேடப்போன படகுகள் நான்காம் நாள் வெறுங்கையோடு மணப்பாட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டன. வாடைக்காற்று தள்ளியிருக்கும் என்று தெற்கே எவ்வளவோ தூரம் போய்ப் பார்த்தும், மீன்பிடிக்கப் போன ரெமிஜியுஸ் கிடைக்கவில்லை. எஞ்சின் நின்றுபோன படகில் அவன் ஒருவன்தான். ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாமா என்று ஒருவர் துணிந்து கேட்டேவிட்டார். அதைக் கேட்ட அவனுடைய அக்கா பபியோலா நேரே போய் வேறொரு படகில் ஏறினாள்.

கடல் ஆய்வு நிலையத்தில், செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படங்களைப் பார்ப்பது அவள் வேலை. கடலைத் திரையில் பார்க்கிறவளுக்கு என்ன தெரியும் என்று ஊரே சிரிக்கும். துணைக்கு வந்தவன் அந்தப் படகை ஓட்டும் கஸ்பார் மட்டும்தான்.

"எல்லாரும் தெக்கதான்னு சொல்லுதாங்க," என்றான்.

"வெறும் படகுன்னா காத்து தள்ளும். இவன் புதுவலை போட்டிருந்தான். உயிரே போனாலும் அறுத்துவிட மாட்டான், கஞ்சப்பய. தொங்குற வலையத் தண்ணிதான் இழுக்கும். கெழக்க சூடான தண்ணி பெரிய வட்டமா, வலமாச் சுத்துது. அதுல மாட்டியிருப்பான்."

கரை மறைந்தது. அரைமணிக்கொரு தரம் வாளியில் நீர் மொண்டு வெப்பமானியை வைத்தாள். இருபத்தெட்டு. மறுபடி இருபத்தெட்டு. நான்கு நாளாக இந்த வெறுமையைத் தம்பி தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபடி வாளியைக் கொட்டினாள். அடுத்த வாளியில் முப்பது!

"டீசல் பாதியாயிட்டு யக்கா. வட்டம்பூரா தொரத்த முடியாது."

"தொரத்த வேண்டாம். அவன் வலமா வாரான், நாம எடமாப் போவோம். எதிர்ல வந்துதானே ஆகணும்."

வாளியைப் பார்த்துப் பார்த்துச் சூட்டின் ஓரமாகவே போனார்கள். வெயில் சாய்ந்தது. திரும்பிவிடலாம் என்று கஸ்பார் வாயெடுத்தபோது, எதிரே கம்பில் கட்டிய கைலி ஒன்று ஆடியது.

ரெமிஜியுஸின் உதடு வெடித்திருந்தது. வலை பத்திரமாகத் தொங்கியது.

"ஊர விட்டுப் போய்க்கிட்டே இருக்கேன்னு நெனச்சேன் யக்கா," என்று அழுதான்.

"ஒரே எடத்தத்தாம்ல சுத்திக்கிட்டிருந்த," என்றாள். அவளும் அழுதாள்.

கரையில் வேட்டு போட்டார்கள். தெற்கைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

திங்கட்கிழமை திரையில் கிழக்கே புதிதாக, சூடான நீரைக் காட்டும் ஒரு சிவப்பு வட்டம், நகத்தளவு. எட்டு வருடமாக அவள் அளந்து, குறித்து, மூடிவைத்த வட்டங்களைப் போலத்தான் அதுவும் இருந்தது. அன்று அளக்கும் முன்னால் கஸ்பாருக்குப் போன் போட்டாள்.

"கெழக்க யாரும் போயிருக்காங்களா?"