மூன்றாவது பல் கவசம்

துபாயில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? அரை மணி நேரத்தில் ரோடெல்லாம் குளம், பாதி ஊருக்கு லீவு. அன்றைக்குத் தேரா பகுதியில் டாக்டர் ஷ்ருதியின் பல் கிளினிக்கில் அத்தனை அப்பாயின்ட்மென்டும் கேன்சல். ரிசப்ஷனில் இருக்கும் ஹாலிதா மட்டும் சுலைமானி என்கிற பாலில்லாத டீயை உறிஞ்சிக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தான் ஒருவன். ஆறடி உயரம், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட... கக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து.

"பல்லுக்குக் கவசம் செய்யணுங்க. வேற டாக்டர்ட்டதான் போகச் சொன்னாங்க. அங்கிட்டு ரோட்டுல இடுப்பளவு தண்ணி."

"பேரு?"

"கார்மேகம்."

"அதானே! இந்த ஊருக்கு மழையை யாரு கூட்டிட்டு வந்தான்னு இப்பத்தானே தெரியுது!" என்றாள் ஹாலிதா.

உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்த ஷ்ருதி, அவனைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். கண்கள்... அவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு கூச்சமான கண்களை யார் வைத்தது?

ஹாலிதாவிடம் ஒரு டம்ளர் சுலைமானிக்கு முழு ஜாதகமும் வந்துவிடும். அவன் சிவகங்கைப் பக்கம். ஏழு வருடமாகக் கட்டட சைட்டில் சாரம் கட்டுகிற வேலை, தொழிலாளர் கேம்ப்பில் ரூம். டூட்டி முடிந்து மணலில் கபடி ஆடியதை சைட்டின் ஆஸ்திரேலிய சேஃப்டி ஆபீசர் பார்த்திருக்கிறார். அவர்தான் எமிரேட்ஸ் தேசிய ரக்பி லீக் அணிக்குக் கோச். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறிக்கிறவனையெல்லாம் மோதித் தள்ளி, எதிர்க்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஊன்ற வேண்டிய ஆட்டம். 'இந்த ஆளை விடக்கூடாது' என்று கோச் பிடித்துப்போட்டுவிட்டார். பதிமூன்று பேரில் பதினோரு வெள்ளைக்காரர், ஒரு லெபனான்காரர், ஒரு சிவகங்கைக்காரன்! பல் கவசம் இல்லாதவனை மட்டும் கோச் களத்தில் இறக்கமாட்டாராம்.

ஷ்ருதி அச்சுப் பசையை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். "மூணு நிமிஷம் பேசக்கூடாது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசவேண்டாத ஷ்ருதிதான் மூன்று நிமிடமும் பேசித் தீர்த்தாள். படித்த காலேஜ், பிடிக்காத சமையல், சென்னையிலிருந்து மாப்பிள்ளை போட்டோவாக வரவழைக்கும் அப்பா கௌரிசங்கர்... நோயாளியிடம் இதையெல்லாம் எந்த டாக்டர் சொல்வாள்? நமக்கென்ன, சொன்னாள்.

பத்து நாளில் அவன் திரும்ப வந்தான். கவசம் கடிபட்டுக் கந்தலாகியிருந்தது.

"என்ன இது, எலிக்குப் போட்டீங்களா?"

அவன் நெளிந்தான். "பதினஞ்சு வருஷப் பழக்கம் டாக்டர். எதிராளி கோட்டுக்குள்ள ஓடுனா, வாய் தானா 'கபடி கபடி'ன்னு மூச்சுக் கட்டிரும். இதைக் கடிச்சுக்கிட்டே சொல்லிட்டனா..."

ஹாலிதா விழுந்து விழுந்து சிரித்தாள். ஷ்ருதி புதிதாக ஒன்று செய்துகொடுத்தாள். அன்றிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை ஏன் நிமிர்ந்தது என்று கேட்காதீர்கள்.

அடுத்த வாரமே மூன்றாவது முறை வந்தான். இதுவும் கந்தல். சனிக்கிழமை சவூதி அணியோடு மேட்ச், அவனுக்கு முதல் மேட்ச்.

ஷ்ருதி அந்தக் கந்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரமா? என்னைப் பார்க்கத்தான்... சொல்லட்டுமே, ஒரு தடவை வாயால் சொல்லட்டுமே.

"நிஜத்தைச் சொல்லுங்க. எதுக்கு வர்றீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "கபடிதான் டாக்டர்..."

அவளுக்குச் சுருக்கென்றது. "பொய்! சும்மா சும்மா வந்து உட்கார்றதுக்கு ஒரு சாக்கு!"

அவன் முகம் கறுத்தது. "சாரம் கட்டுறவன் பொய் சொன்னா, மேல நிக்கிறவன் கீழ வந்துருவான் டாக்டர். கேம்ப் ஆளுன்னா இப்பிடித்தான்னு நெனச்சுட்டீங்க."

கவசம் வேண்டாமென்று போயே போய்விட்டான்.

"நல்லா இருக்கு ஷ்ருதிக்கா! ஏழு வருஷம் வெயில்ல காஞ்சு அந்த டீமுக்குள்ள போயிருக்கான். இப்ப பெஞ்ச்ல உக்காருவான்" என்றாள் ஹாலிதா.

டாக்டரின் ரோஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைதான் தாங்கியது. அலமாரியில் அவன் பற்களின் அச்சு அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் என்னதான் செய்வாள்? இருக்கிறதிலேயே தடியான கவசமாக ஒன்று செய்துமுடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். அணி ஓடிப் பழகிக்கொண்டிருந்தது. பந்தோடு அவளைக் கடந்து ஓடினான் கார்மேகம். உதடு துடிக்க, ஒரே மூச்சில்... கபடி கபடி கபடி! பின்னாலேயே ஓடிய சிவந்த முகத்துக்காரர்களும் "கபாடி கபாடி" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

ஷ்ருதி அப்படியே நின்றாள். அவன் சொன்னது உண்மை. ஐயோ, ஒரு நல்லவனைப் பொய்யன் என்றுவிட்டோமே... கூடவே இன்னொரு குத்தல். அது உண்மையென்றால், அவன் என்னைப் பார்க்க வரவேயில்லை!

அவன் மெதுவாகக் கிட்டே வந்தான். அவள் டப்பாவைத் திறந்தாள். "ஆ காட்டுங்க."

கவசத்தைப் பொருத்தினாள். அவனால் இப்போது பேசமுடியாது. அந்தத் தைரியத்தில் மடமடவென்று, "நான் சொன்னது தப்பு. என்னைப் பார்க்கத்தான் வர்றேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்... கபடின்னதும் கோவம் வந்திருச்சு. போதுமா? போய் ஆடுங்க!" என்றாள்.

அந்தக் கூச்சக் கண்கள் அகலமாயின. விசில் ஊதிவிட்டார்கள்.

அப்புறம் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! மூன்று பேர் இடுப்பில் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினான். என்ன, மேட்ச்சில் தோற்றுவிட்டார்கள். தோற்ற அணியில் ஒருவன் மட்டும் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்ததுதான் கோச்சுக்குப் புரியவில்லை.

மூச்சு வாங்க அவள் முன் நின்று கவசத்தைக் கழற்றினான்.

"டாக்டர்... முதல் கவசம் கபடியாலதான். சத்தியமா."

"ரெண்டாவது?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. ரூம்ல உக்காந்து ரெண்டு மணி நேரமா நானே கடிச்சேன். உங்களைப் பாக்க வேற வழி தெரியல. நீங்க நேரா கேட்டதும் பயந்து பொய் சொல்லிட்டேன்... ஊருல பாத்த வரனையெல்லாம் வேணாம்னுட்டேன். எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

"அடப்பாவி!" கோபப்படத்தான் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது, கண்ணில் தண்ணீரோடு. "எனக்கும்தான்."

அவன் கையிலிருந்த கவசத்தை வாங்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

"எங்க அப்பா நெறைய கேள்வி கேப்பாரு. வந்து பேசுவீங்களா?"

"பேசுறேங்க. அவர் முன்னாடி மட்டும் வாயில எதையும் வச்சு அழுத்திராதீங்க!"