பிணம் வரைய வந்தவன்

"அம்மா... அப்பா கழுத்துல யாரோட விரல் ஒட்டியிருக்கு?"

ஐந்து வயது லீசா கேட்டாள்.

வர்வாரா திரும்பினாள். வீறிட்டாள்!

தரையில் அவள் கணவன் அப்போலோன். பெரிய பண்ணையார். விழி பிதுங்கி, நாக்கு கடிபட்டு... கழுத்தில் கருநீலத் தடங்கள். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த சாட்டை.

ஏப்ரல், 1858. ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் உறைபனி உடைந்துகொண்டிருந்தது; கடக்க வழியில்லை. அக்கரையிலிருந்து போலீஸ் அதிகாரி வர ஒரு வாரத்துக்கு மேலாகும். பிணத்தையோ மூன்றாம் நாளே புதைத்தாக வேண்டும்.

ஓவியன் யெஃபிமை வரவழைத்தாள். அதே பண்ணையில் அடிமையாய்ப் பிறந்து, விடுதலை பெற்று, பேரெடுத்தவன். மருவைக்கூட மறைக்காமல் வரைகிறவன்.

"அதிகாரி வந்து பார்க்கணும், சவப்பெட்டியில இருக்கறபடியே வரை. அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. குளிப்பாட்டின கிழவிங்க, விரல் தடத்தை எண்ணவே தெரியாதுன்னு சாதிக்கறாளுங்க!"

"யார் மேல சந்தேகம், எஜமானியம்மா?"

"ரெண்டே பேர். காரியஸ்தன் கொர்தேய்... அன்னிக்கே தப்பியோடறப்ப பனி உடைஞ்சு ஆத்தோட போயிட்டான்."

"இன்னொருத்தர்?"

"சமையல்கட்டு அகுலீனா. வலது கையில மோதிர விரல் இல்லாதவ. நிலவறையில கட்டிப் போட்டிருக்கேன். கட்டை விரலோட நாலு தடம்னா அவதான்! சாகற வரைக்கும் சாட்டையடி!"

பத்தாம் நாள் அதிகாரி நிக்கனோர் வந்தார். ஓவியத்தைக் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! நாத்தம் மட்டும்தான் குறை!"

"வலது கைத் தடத்தை எண்ணுங்க!"

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

வர்வாராவின் கண் மின்னியது.

"அஞ்சு!"

"அஞ்சா?! குழியைத் தோண்டிப் பாருங்க!"

"பத்து நாள் பிணத்தையா? யெஃபிம் பொய்யா வரைஞ்சான்னு அவனோட எதிரிகூட சொல்லமாட்டான்மா. கொர்தேய்தான்! இனி அவனை மீனுங்க விசாரிக்கட்டும். அந்தப் பொண்ணை அவுத்து விடுங்க!"

அகுலீனா முதுகெல்லாம் ரத்தமாய் வெளியே வந்தாள். யெஃபிம் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆனால்...

வரைந்த அன்று, பூட்டிய அறையில், பிணத்தின் கழுத்துப்பட்டையை விலக்கி அவன் எண்ணியது...

நான்கு!

சமையல்கட்டில் அகுலீனாவுடைய பத்து வயது மகளின் கிழிந்த முதுகைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். சாட்டையில் இருந்தது யார் ரத்தம் என்று அவனுக்குப் புரிந்தது.

இருபது வருடங்களுக்கு முன், லாயத்தில் சங்கிலியோடு பட்டினி கிடந்த யெஃபிமுக்கு ஒரு சிறுமி ரொட்டி ஒளித்துக் கொண்டுவந்தாள். அப்போலோன் பார்த்துவிட்டான். கோடரியை எடுத்தான். ஒரு விரல் போயிற்று!

அந்தச் சிறுமி அகுலீனா.

யெஃபிம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"ஆண்டவரே, இது ஒண்ணுக்கு மட்டும் கண்ணை மூடிக்கும்."

கருநீலத்தைக் குழைத்தான்.

வாழ்நாளில் அவன் வரைந்த ஒரே பொய்... அதன் நீளம் இரண்டே அங்குலம்!