குட்டியானை வருவதற்குள்

பால்காரர் மணியடித்தபோது மணி ஆறு பத்து. அம்மா அதற்குள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தாள்.

"கழட்டும்மா. பால் வாங்கிட்டு மாட்டிக்கலாம்" என்றாள் வேல்விழி.

"கழட்டினா அப்புறம் போக மாட்டேன்."

ஹெல்மெட்டோடு போய்ப் பால் வாங்கினாள். பால்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அம்மாவின் பெயர் விஜி. மின்சார சைக்கிள் வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முட்டி வலிக்குச் சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொன்னார். மேடு வந்தால் மோட்டார் தள்ளிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். தேனியிலிருந்து சின்னமனூர் போய்வர வேண்டும் என்று அம்மாவே சொன்னாள். அந்த வழியில் தெரியும் மேகமலையை அவள் இதுவரை பஸ் ஜன்னல் கம்பிக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறாள்.

அப்பா சுருளியாண்டி வாசலில் நின்றார். அவர் குட்டியானை ஓட்டுகிறவர். குட்டியானை என்பது காய்கறி மூட்டை ஏற்றும் சின்ன லாரி. தும்பிக்கை கிடையாது.

"போக வர அம்பது கிலோமீட்டர். பாட்டரி தாங்குமா?"

"அம்பது ஓடும்னுதான் கடையில சொன்னாக."

"கடையில சொல்லுவாக. வழியில நின்னா போன் போடு, குட்டியானைய கொண்டாறேன். ஆனா ஒண்ணு. சைக்கிளு குட்டியானையில ஏறி வந்துச்சுன்னா நேரா கடையில எறக்கிருவேன். பதினஞ்சு நாளைக்குள்ள குடுத்தா திருப்பி எடுத்துக்குவாகளாம்."

அம்மா வேல்விழியைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

வேல்விழி ஏழாம் வகுப்பு. தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள். அவள் முன்னால் போனாள். அம்மா பின்னால் வந்தாள். அம்மாவின் சைக்கிளில் சின்னத் திரை. அதில் பாட்டரி அளவைக் காட்டும் ஐந்து பச்சைக் கோடுகள்.

வீரபாண்டியைத் தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. ஆடி மாதக் காற்று. இரண்டு பக்கமும் மலை. நடுவில் இருந்த பள்ளத்தாக்கு முழுவதும் அதற்குத் தெரு. கம்பம் பக்கமிருந்து நேராக முகத்துக்கு வந்தது.

புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று அவர்களை மெதுவாக முந்தியது. ஓட்டியவர் தலையைத் திருப்பினார்.

"ஏத்தா, நடந்து போனா வெரசாப் போயிரலாமே!"

அம்மா மோட்டாரைக் கூட்டினாள்.

சீலையம்பட்டியில் நின்றார்கள். வாழைத்தோட்டத்துக்கு மேலே மேகமலை முழுதாகத் தெரிந்தது. மேகம் பாதி மலையில் உட்கார்ந்திருந்தது.

அம்மா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கம்பி இல்லாம எம்புட்டுப் பெருசா இருக்கு!" என்றாள்.

அதற்குப் பிறகும் நாலு இடத்தில் நின்றார்கள். எல்லாம் மலை பார்க்கத்தான்.

சின்னமனூருக்கு வெளியே, வயலோரம், அம்மாவின் தோழி இவாஞ்சலின் வீடு. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. திரையில் இரண்டு கோடுகள்தான் இருந்தன.

"இங்கன சார்ஜ் போட்டுக்கலாம்" என்று அம்மா பையிலிருந்து சார்ஜரை எடுத்தாள்.

இவாஞ்சலின் கையைப் பிசைந்தார்.

"ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதா? ஒம்பதுக்குக் கரண்டு போச்சு. மாசாந்திரப் பராமரிப்பு. இனி அஞ்சு மணிக்குத்தான் வரும். பேப்பர்ல போட்டிருந்தாகளே?"

"நான் தேனிக்கு மட்டுந்தான் பாத்தேன்" என்றாள் அம்மா.

இவாஞ்சலின் இடியாப்பம் வைத்தார். வேல்விழி மூன்று சாப்பிட்டாள். அம்மா ஒன்றுகூடத் தொடவில்லை.

"வர்றதுக்கு மூணு கோடு போச்சு. போறதுக்கும் மூணு வேணும். இருக்கிறது ரெண்டு."

"கரண்டு வந்ததும் சார்ஜ் ஏத்திட்டுப் போ" என்றார் இவாஞ்சலின்.

"ஏறி முடிக்க ராத்திரியாயிரும். பிள்ளையக் கூட்டிட்டு இருட்டுல எப்படிப் போறது?"

அம்மா போனை எடுத்தாள். ஒரே மணியில் அப்பா எடுத்துவிட்டார்.

"நின்னுருச்சா?"

"இன்னும் நிக்கல. நின்னுரும்போல."

"அங்கனயே இருங்க. கெளம்பிட்டேன்."

அம்மா போனை வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேல்விழிக்கு அது பிடிக்கவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே கொடியில் துணி காய்ந்தது. காற்றில் எல்லாச் சட்டைகளும் ஒரே பக்கம் கையை நீட்டின. வேல்விழி அந்தப் பக்கம் பார்த்தாள். அவர்கள் வந்த பக்கம்.

கொடிக்கு அப்பால் வாய்க்கால். தண்ணீரும் அதே பக்கம் ஓடியது.

"ஆன்ட்டி, இந்தத் தண்ணி எங்கன போகுது?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"வீரபாண்டிப் பக்கம் போயி, அப்புறம் வைகையில சேரும். ஏன்?"

வேல்விழி ஈரக்கையோடு ஓடினாள்.

"அம்மா, திரும்பிப் போகவும் மூணு வேணும்னு யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது."

"கணக்குக்குக் காத்தடிக்கிறது தெரியாதும்மா. காத்து நம்ம ஊருக்குத்தான் போகுது. ஆறும் நம்ம ஊருப் பக்கந்தான் எறங்குது. நாம மட்டும் எதுக்கு இங்கன உக்காந்திருக்கணும்?"

அம்மா போனைப் பார்த்தாள்.

"அப்பா கெளம்பிட்டாகளே."

"வழியில பாத்துக்கலாம்."

"முட்டி வலிச்சா?"

"மேட்டுக்கு மட்டும் மோட்டாரைப் போடு."

அம்மா மடியைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டினாள். இவாஞ்சலின் மீதி இடியாப்பத்தைத் தூக்குவாளியில் போட்டு அம்மாவின் கேரியரில் கட்டினார்.

சாலைக்கு வந்ததும் வேல்விழி சொன்னாள்:

"மோட்டாரை அமத்தும்மா."

"இப்பவேவா?"

"இப்பவே. நிமுந்து உக்காரு. காத்துக்கு முதுகைக் காட்டு."

அம்மா நிமிர்ந்தாள். அவளுடைய சுடிதார் முன்னால் பலூன்போல உப்பியது. மிதித்தாள். சைக்கிள் போனது. மிதிப்பதை நிறுத்தினாள். அப்போதும் போனது.

வரும்போது காதில் இரைந்த சத்தம் இப்போது இல்லை. அம்மா பயந்துவிட்டாள்.

"ஏத்தா, காத்து நின்னுபோச்சா?"

"நிக்கலம்மா. நம்ம கூடவே வருது."

எதிரே அந்த மொபெட் வந்தது. இது இரண்டாவது நடை, வேறொரு புல்லுக்கட்டு. ஓட்டியவர் காற்றுக்குக் குனிந்திருந்தார். அம்மா மணியடித்தாள். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இரண்டு முறை அடித்தாள்.

சீலையம்பட்டிக்கு அப்பால் ஓடைப் பாலத்தில் மேடு வந்தது. அம்மா மோட்டாரைப் போட்டாள். பாதி மேட்டில் ஒரு கோடு அணைந்தது.

மேடு முடிந்தது. அம்மா மோட்டாரை அணைத்தாள். காற்று மறுபடி முதுகைப் பிடித்துத் தள்ளியது. கடைசிக் கோடு அப்படியே இருந்தது.

"முட்டி எப்படிம்மா இருக்கு?"

"அது ஒண்ணும் பேசல."

"அப்பாவ இன்னும் காணோமே."

"அதான் நானும் பாக்குறேன்."

வீரபாண்டிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது புளியமரத்தடியில் ஒரு குட்டியானை நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மண். எதிரே ஸ்டெப்னி டயர் கிடந்தது. அதிலும் காற்று இல்லை.

அப்பா எழுந்தார். முதலில் வேல்விழியைப் பார்த்தார். பிறகு அம்மாவை. கால், கை, தலை எல்லாம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அங்கனயே இருங்கன்னு சொன்னேன்ல?"

"சைக்கிள் நிக்கலயே" என்றாள் அம்மா. "நீங்க ஏன் நிக்கிறீக?"

"ஆணி ஏறிருச்சு. ஸ்டெப்னியும் காலை வாரிருச்சு. ஒரு வண்டியும் நிப்பாட்ட மாட்டேங்கிறாக. பஞ்சர் கடை வீரபாண்டியிலதான் இருக்கு."

அப்பா குனிந்து சைக்கிளின் திரையைப் பார்த்தார்.

"ஒரு கோடு இருக்கு?"

"இருக்கு" என்றாள் அம்மா.

"வீடு வரைக்கும் வந்துருமா?"

"வீட்டுக்கு வந்தும் மிச்சம் இருக்கும்."

அப்பா தலையைச் சொறிந்தார். வேல்விழி அம்மாவின் கேரியரிலிருந்து தூக்குவாளியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"இடியாப்பம். சாப்பிட்டுக்கிட்டே இருங்கப்பா. ஸ்டெப்னிய இதுல கட்டி நாங்க பஞ்சர் ஒட்டிட்டு வாறோம்."

அப்பா டயரைத் தூக்கிக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சைப் பலமுறை இழுத்துப் பார்த்தார்.

வேல்விழி தன் சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பினாள்.

"அப்பா, குட்டியானை வாங்கிப் பதினஞ்சு நாள் ஆயிருச்சா?"