மணப்பாட்டில் ஒரு சாயங்காலம்

பத்து வயதாகியும் ரைஹானா கடலைப் போனில்தான் பார்த்திருந்தாள். அவளுடைய அத்தா முஸாஃபர் துபாயில் ஏ.சி. மாட்டும் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். அவர் தலைக்குப் பின்னால் நீலமாக ஏதோ அசைந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் அப்படிப் பேசும்போது, அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் பலகைமேல் நின்று அலையில் வழுக்கிக்கொண்டு போனார்.

“அத்தா, அது என்னது?”

“அலைச்சறுக்கு. நான் லீவுல வாரப்ப நாம ரெண்டு பேரும் போவோம்,” என்றார் அத்தா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரைஹானா அதை விடவில்லை. அவர்கள் ஊரான பரளச்சியில் கண்மாய் பாதி வருஷம் கருவேலங்காடாகத்தான் கிடக்கும். அங்கிருந்துகொண்டு அலையில் சறுக்கப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் அத்தா வந்தார். வந்தவர் விருந்து, கல்யாணம் என்று அலைந்தார். அடுத்த வாரம் திரும்பிப் போக வேண்டும் என்ற நிலையில்தான் எல்லோரையும் காரில் ஏற்றி மணப்பாட்டுக் கடற்கரைக்கு அழைத்துவந்தார்.

வெயில் தாழ்ந்த நேரம். கரையில் பலகைகளை வரிசையாகக் கிடத்திவிட்டு இன்பராஜ் காத்திருந்தான். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பது அவன்தான்.

“ரெண்டு பேருன்னு சொன்னீங்களே, அண்ணே. இன்னொருத்தர் யாரு?”

“பிள்ளை மட்டும் போகட்டும்,” என்றார் அத்தா. “நான் வீடியோ எடுக்கேன்.”

ரைஹானா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். மணலில் பலகையைப் போட்டு, படுப்பது எப்படி, கையை ஊன்றி எழுவது எப்படி என்று இன்பராஜ் காட்டினான். பிறகு பலகையின் கயிற்றை அவள் கணுக்காலில் கட்டித் தண்ணீருக்குள் கூட்டிப்போனான்.

முதல் அலையில் பலகை ஒரு பக்கம் போனது, ரைஹானா மறுபக்கம் போனாள். அடுத்த அலையில் உப்புத் தண்ணீரைக் குடித்தாள். மூக்கெல்லாம் எரிந்தது. இருமிக்கொண்டே எழுந்து கரையைப் பார்த்தாள். அத்தா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருஷம் அவரை அவள் போனில் பார்த்தாள். இப்போது கடற்கரைக்கே வந்த பிறகும் இடையில் ஒரு போன். அவளுக்கு எரிச்சலாக வந்தது. “வாக்குக் குடுத்தீங்கல்ல” என்று கத்தலாமா என்றுகூட நினைத்தாள்.

அதற்குள் இன்னொரு அலை அவளைத் தாண்டிக் கரைக்கு ஓடியது. அதன் நுரை காலைத் தொடுவதற்குள் அத்தா சடாரென்று பின்னால் நகர்ந்தார். நுரை திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்தார். அடுத்த அலைக்கும் அதையே செய்தார். அவருடைய கால்சட்டையின் ஓரம்கூட நனையவில்லை.

ரைஹானாவின் எரிச்சல் அப்படியே இறங்கிப்போனது. அவள் இன்பராஜின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, எங்க அத்தாவ நான் கூட்டிட்டு வாரேன். அவுககிட்ட நீச்சல் தெரியுமான்னு மட்டும் கேக்காதீங்க. சின்ன அலையா பாத்துக் குடுங்க.”

இன்பராஜ் கரையைப் பார்த்தான். “சரி தங்கச்சி,” என்றான்.

ரைஹானா ஈரம் சொட்டச் சொட்ட அத்தாவிடம் வந்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு அத்தா. நீங்க போர்டைப் பிடிச்சுக்கிட்டா ஏறிருவேன்.”

அது பாதி உண்மைதான்.

“அந்தத் தம்பி பிடிப்பாருல்ல?”

“நீங்க பிடிக்கணும்.”

அத்தா கடலை ஒரு பார்வை பார்த்தார். “ரொம்ப ஆழமோ?”

ரைஹானா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “எனக்கு இதுவரைக்கும்தான். உங்களுக்கு இடுப்புக்கு மேல வராது. நீங்களும் இந்தச் சட்டையப் போட்டுக்கங்க, எல்லாரும் போடணுமாம்.”

சற்றுத் தள்ளி, அம்மா ஷர்மிளா பானு தம்பி சின்ன மீரானுக்குச் சுண்டல் ஊட்டிக்கொண்டிருந்தாள். முஸாஃபர் போனை மனைவியிடம் கொடுத்தார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மகளின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

அத்தா மிதவைச் சட்டையை மாட்டி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் அலை முழங்காலில் மோதியபோது அந்தப் பிடி இறுகியது. ரைஹானாவுக்குக் கை வலித்தது. அவள் இழுக்கவில்லை, நின்றாள். அலை போன பிறகு இருவரும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்கள்.

“நான் அங்க கடல்ல எறங்குனதே இல்லம்மா,” என்றார் அவர், மெதுவாக. “கரையில ஒக்காந்து உங்ககிட்ட பேசுனதோட சரி.”

“இன்னிக்கு எறங்கிட்டீங்கல்ல,” என்றாள் ரைஹானா.

பலகையில் படுத்தாள். அத்தா பின்னால் பிடித்துக்கொண்டார். “இப்ப,” என்று இன்பராஜ் குரல் கொடுத்ததும் தள்ளினார். அலை பலகையைத் தூக்கியது. ரைஹானா கையை ஊன்றி எழுந்தாள். நின்றுவிட்டாள். நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிவதற்குள் தொப்பென்று விழுந்தாள்.

எழுந்து பார்த்தால் அத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த அலை அவரைத் தலையோடு நனைத்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணு குடுங்க தம்பி,” என்றார்.

இன்பராஜ் நல்ல சின்ன அலையாகப் பார்த்துத் தள்ளிவிட்டான். அத்தா எழவெல்லாம் முயலவில்லை. பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி நுரையோடு நுரையாக வந்து மணலில் தட்டி நின்றார்.

“அம்மா, அத்தா மீனு மாதிரி வாராக,” என்றான் சின்ன மீரான்.

“என்ன மீனுடா?”

அவன் யோசித்தான். “கருவாடு.”

முஸாஃபர் மணலில் படுத்தபடியே சிரித்தார். சிரித்து முடித்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தண்ணீரைப் பார்த்து நடந்தார்.

வானம் மங்கியது. ரைஹானா களைத்துப்போய்க் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு சுண்டல் தின்றாள். இன்பராஜ் மற்ற பலகைகளை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டான்.

“அண்ணே, நேரமாச்சு, வாங்க,” என்று கூப்பிட்டான்.

“கடைசியா ஒண்ணு தம்பி, ஒண்ணே ஒண்ணு,” என்று கடலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அடுத்தடுத்து அதே பதில்தான் வந்தது. கடைசியில், பாதிச் சுண்டலைத் தம்பி மீரானிடம் கொடுத்துவிட்டு, அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துவர ரைஹானாதான் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது.