உடனிருப்பவர்

காலை ஆறரைக்குச் சீர்மி கேட்டது.

"புதிய மருந்து ஏதேனும் உட்கொண்டீர்களா?"

குரல் தலைமாட்டுப் பேசியிலிருந்து வந்தது. சீர்மி மிக்கேலின் நெஞ்சுத் தோலுக்குள், புளியங்கொட்டை அளவில் இருந்தது. இதயம் தாளம் தப்புகிற எல்லோருக்கும் இப்போது அதைத்தான் வைக்கிறார்கள். துடிப்பைப் படித்து, அன்றைய மருந்தைத் தானே இரத்தத்தில் விடும். விடுவதற்கு முன் மூன்று கேள்விகள்: புது மருந்து, வாந்தி பேதி, தலைசுற்றல். தாளத்தைச் சீராக்கும் அதே மருந்து, உடம்பில் உப்புச்சத்து இறங்கினாலோ வேறு சில மாத்திரைகளோடு சேர்ந்தாலோ தாளத்தைக் குலைத்து ஆளைக் கொன்றுவிடும். 'ஆம்' என்றால் மருந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

பதிலை நோயாளி சொல்லலாம், உடனிருப்பவரும் சொல்லலாம். தூத்துக்குடியில் நோயாளி சொல்வதில்லை. டாக்டரிடமே உடன் போனவர்தான் பேசுவார்.

மிக்கேலுக்கு மருமகன் கிளாட்வின் சொன்னான். அப்பாவின் நோய் மகள் பெனிட்டாவுக்கும் இருந்ததால், ஒரு காலத்தில் இரண்டு சீர்மிகளுக்குச் சொன்னான். போன வருடம் இதே தேதியில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தொண்டை வலிக்கு முந்தைய நாள் மாத்திரை போட்டிருந்தாள். வாங்கி வந்தவன் அவன்தான். பல் துலக்கியபடி மூன்று முறை 'இல்லை' என்றான். பதினொரு மணிக்கு அவள் அலுவலகத்தில் விழுந்தாள்.

அதன்பிறகு அவன் அழவில்லை. சாப்பிட்டான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். மாமாவுக்குப் பதில் சொன்னான்.

"இல்லைன்னு சொல்லுங்க மாப்ள. பூசைக்கு நேரமாவுது."

"நேத்திலருந்து எத்தனை தடவை கக்கூசுக்குப் போனீங்க மாமா?"

"அதை எவன் எண்ணுவான்? மெடிக்கல்காரன் ரெண்டு மாத்திரை தந்தான்."

"என்ன மாத்திரை?"

"வெள்ளை மாத்திரை." மிக்கேல் எழுந்து உட்கார்ந்தார். "ஆமான்னு சொன்னா ஒயரை ஒட்டிச் சாயங்காலம் வரை படுக்கப் போட்டுருவான். எம் மவளுக்கு வருசப் பூசை. நான் போவலன்னா சாமியார் எனக்கும் சேத்து ஒண்ணு வச்சிருவாரு."

கிளாட்வின் சிரிக்கவில்லை.

"ஆம்," என்றான் பேசியிடம்.

"வாந்தி, பேதி?"

"ஆம்."

"தலைசுற்றல்?"

"இல்லை."

பேசி சற்று யோசித்தது.

"உங்கள் முந்தைய மூவாயிரம் பதில்களும் 'இல்லை'. உங்கள் நம்பகத்தன்மை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. இன்றைய 'ஆம்' கேட்புப் பிழையாகக் கொள்ளப்பட்டது. மருந்து செலுத்தப்பட்டது. நன்றி."

"ஆம்னுதான் சொன்னேன்!"

ஒரு வருடத்தில் அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான். மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"பூசை?"

"பூசை அவளுக்கு. நீங்க வாங்க மாமா."

அவசரப் பிரிவில் நர்ஸ் ஒயர்களை ஒட்டினாள். திரையில் கோடு ஓடியது. ஒவ்வொரு துடிப்பும் முடிய மனமில்லாமல் நீண்டது.

"பொட்டாசியம், மெக்னீசியம் ரெண்டும் ஏத்தணும்," என்றாள். "பேதி உண்டா?"

"உண்டு. புது மாத்திரையும் போட்டிருக்காரு."

"இங்க மூணும் இல்லைன்னு வந்துருக்கே சார். சீர்மியே அனுப்பிட்டு. ஒண்ணாவது ஆம்னு மாறினாத்தான் இந்த மருந்தலமாரி பூட்டுத் திறக்கும். அதுவும் சீர்மி பதிவைத்தான் பாக்கும்."

"மாத்துங்க."

"அலமாரிகிட்ட குரலாலதான் மாத்தணும். சொல்லுங்க."

கிளாட்வின் சொன்னான். கேட்புப் பிழை என்றது அலமாரி. மறுபடி சொன்னான். மறுபடியும் அதே பதில்.

"டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

"மேல ஆபரேஷன்ல இருக்காரு. சொல்லி அனுப்பியிருக்கு."

கோட்டில் இரண்டு துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. மிக்கேல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேர்வை கழுத்தில் இறங்கியது.

"தள்ளுங்க மாப்ள. நான் சொல்லுதேன்." அலமாரியின் பக்கம் திரும்பினார். "ஏ, கேளு. எனக்குத்தான் பேதி. நாந்தான் மாத்திரை போட்டேன். ஆம். ஆம்."

அலமாரி தேடியது. மூன்று வருடப் பதிவுகளைத் தேடியது.

"இந்தக் குரல் பதிவில் இல்லை. உடனிருப்பவர் பேசவும்."